இரும்புக்கால் நத்தைக்கு சங்கு ஊதலாமா?

மாலை ஆறரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். வைத்தியநாத சுவாமி கோயிலில் தீபாராதனை. மணியோசைக்கு நடுவே 'பூம்ம்ம்...' என்று சங்கு. கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதியைப் பூசிக்கொண்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"அண்ணாச்சி, இப்ப உள்ளே ஊதினாங்களே... அது ஒரு நத்தை. தெரியுமோ?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது.

"ஏன் சார், சாமி கும்பிட்டு வந்த வாயால இப்படிப் பேசலாமா? சங்கு வேற, நத்தை வேற. நத்தை வயக்காட்டுல கிடக்கும். சங்கு பெருமாள் கையில இருக்கும்."

அண்ணாச்சி மேல் தப்பே இல்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் உண்மை அதுதான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் முக்குளித்து எடுக்கிறார்களே, அந்தச் சங்குக்குள் ஒரு காலத்தில் சதையும் ரத்தமுமாக ஒரு நத்தை குடியிருந்தது. நாம் ஊதுவது அது காலி செய்துவிட்டுப் போன வீடு. அந்தக் காலத்துச் சென்னை மாகாண மீன்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல், இந்தச் சங்கைப் பற்றியே 1914ல் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் பாஞ்சசன்னியத்தைக் கூப்பிட்டு வைத்து ஒரு பதிகம் முழுக்க விசாரித்திருக்கிறாள். ஆக, நத்தை வீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பது இந்த ஊருக்கு ஒன்றும் புதுப் பழக்கமில்லை!

நான் இன்று சொல்ல வந்த நத்தை வேறு. அது முக்குளிக்கிறவர்கள் கைக்கு எட்டாது. இந்த டீக்கடை பெஞ்சிலிருந்து நேராகத் தெற்கே கன்னியாகுமரியைத் தாண்டி, பூமத்திய ரேகையைத் தாண்டி, ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கிருந்து கீழே இரண்டரை கிலோமீட்டர் இறங்க வேண்டும். அங்கே கும்மிருட்டில், கொதிக்கிற ஊற்றுக்குப் பக்கத்தில், காலில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு 14 வருஷம் ஆனது. அந்தப் பெயரில்தான் அதன் தலையெழுத்தே இருக்கிறது.

கடலுக்கு அடியில் அடுப்பு

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பல தட்டுகளாக இருக்கிறது. கடலடியில் இரண்டு தட்டுகள் விலகுகிற இடத்தில் விரிசல் விழும். விரிசலில் இறங்கும் கடல் தண்ணீர், கீழே இருக்கும் சூட்டில் காய்ந்து, பாறையிலிருக்கும் இரும்பு, செம்பு, துத்தநாகம், கந்தகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மறுபடி மேலே பீறிட்டு வரும். சூடு 350 டிகிரிக்கும் மேல்! நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியில் தளதளவென்று கொதித்துவிடும். ஆனால் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் காற்றழுத்தத்தைப் போல 250 மடங்கு அழுத்தம் தலை மேல் உட்கார்ந்திருப்பதால் அங்கே தண்ணீர் ஆவியாக மாறவே முடியாது.

இந்த சூடான தண்ணீர் குளிர்ந்த கடல் நீரைத் தொட்டதும், கரைந்திருந்த உலோகமெல்லாம் கரும்புகை மாதிரி வெளியே வரும். அது படிந்து படிந்து, செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி உயர்ந்து நிற்கும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு. நமக்கு விஷம். ஆனால் சில பாக்டீரியாக்களுக்கு அதுதான் விருந்து! வெயிலே எட்டிப் பார்க்காத இடத்தில், அந்த ரசாயனத்திலிருந்தே சக்தியை எடுத்து அவை வாழ்கின்றன. அவற்றை நம்பி நத்தை, நண்டு, இறால் என்று ஒரு ஊரே பிழைக்கிறது. யாரும் 350 டிகிரியில் குளிப்பதில்லை. ஓரமாக, வெதுவெதுப்பான இடம் பார்த்துக் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊற்றுகளை மனிதன் முதன்முதலில் நேரில் பார்த்தது 1977ல். பசிபிக் கடலில் கலபகோஸ் தீவுகள் பக்கம், 'ஆல்வின்' என்ற நீர்மூழ்கியில் இறங்கினார்கள். இறங்கினவர்கள் பூரா பாறை ஆராய்ச்சிக்காரர்கள். உயிரியல் ஆள் ஒருத்தர் கூடக் கப்பலில் இல்லை. அங்கே உயிர் இருக்கும் என்று யார் கண்டார்கள்? திடீரென்று சிப்பியும் நத்தையும் மாட்டியதும் பதப்படுத்த மருந்து போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கைவசம் இருந்த ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள்! (விஞ்ஞான வளர்ச்சிக்காக வோட்கா தியாகம் செய்யப்பட்டது சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.)

டப்பா ஒன்று, சரக்கு வேறு

அங்கேதான் பிரச்னை ஆரம்பம். பிடித்தாகிவிட்டது. யார் இவர்? எந்தக் குடும்பம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்கோவா. டப்பாவைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு விள்ளல் வாயில் போட்டால்தான் எது எந்த ரகம் என்று புரியும். ஆழ்கடல் நத்தைக் கதையும் இதேதான்.

நத்தை இனத்தில் 'லிம்பெட்' என்று ஒரு ரகம். மற்ற நத்தை மாதிரி ஓடு சுருண்டிருக்காது. ஒரு குல்லாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். நம் கடற்கரைப் பாறைகளில்கூட அலையில் அசையாமல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். சுடுநீர் ஊற்றிலும் இந்தக் குல்லா ஆசாமிகள் ஏராளம். 'ஆகா, எல்லாம் ஒரே ஜாதி' என்று ஒரே ஃபைலில் போட்டுவிடலாமா?

போட முடியாது. ஏனென்றால் குல்லா என்பது குடும்ப அடையாளம் இல்லை. அது ஒரு சௌகரியம். ஓடுகிற தண்ணீர் தள்ளாமல் பாறையில் பதுங்கிக்கொள்ள அதைவிட நல்ல வடிவம் கிடையாது. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல நத்தைக் குடும்பங்கள், வேறு வேறு காலத்தில், தனித்தனியாக குல்லாவுக்கு மாறியிருக்கின்றன. தேர்தல் வந்ததும் ஊரில் எல்லோரும் வெள்ளை வேட்டிக்கு மாறுகிற மாதிரி. வேட்டியை வைத்துக் கட்சியைக் கண்டுபிடிக்க முடியுமா?

அந்த கலபகோஸ் ஊற்றில் கிடைத்த ஒரு குல்லா நத்தை, லாஸ் ஏஞ்சலிஸ் மியூசியத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்லீனிடம் வந்து சேர்ந்தது. அதை அறுத்துப் பார்த்த மனுஷர் அசந்துவிட்டார். வெளியே லிம்பெட். உள்ளே வேறு யாரோ! செவுள் ஒரு மாதிரி, பல் ஒரு மாதிரி. தலையில் இடது பக்கத்து உணர்கொம்பு ஆண் நத்தைக்கு வேறொரு முக்கியமான 'டியூட்டி' பார்க்கிறது. (குடும்பப் பத்திரிகை. மேற்கொண்டு கேட்காதீர்கள்.) எந்தப் பழைய குடும்பத்திலும் இதைச் சேர்க்க வழியில்லை. 1981ல் 'நியோம்ஃபாலஸ் ஃப்ரெட்டரே' என்று பெயர் சூட்டி, அதற்கென்றே தனிக் குடும்பம் ஒன்றை ஆரம்பித்தார் மெக்லீன். ஃப்ரெட்டரே என்பது நத்தைகளின் உடல் அமைப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் நிபுணர் வேரா ஃப்ரெட்டருக்கு மரியாதை.

அதே கலபகோஸ் ஊற்றில் இன்னொரு குல்லா நத்தை இருக்கிறது. 'லெபிடோட்ரைலஸ்'. 1988ல் மெக்லீனே பெயர் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், 'பங்காளிங்க போலிருக்கு' என்பீர்கள். இல்லவே இல்லை. இரண்டும் நத்தை வம்சத்தில் வெவ்வேறு கிளை. நியோம்ஃபாலஸின் நிஜமான சொந்தக்காரர் யார் தெரியுமா? இந்தியப் பெருங்கடலில், சுருள் ஓடும் இரும்புச் செதிலுமாக உட்கார்ந்திருக்கிறாரே, நம் ஹீரோ... அவர்தான்! குல்லாவும் சுருளும் உறவு. குல்லாவும் குல்லாவும் அந்நியம்.

"வயித்த வலின்னு வந்தவன் சட்டையப் பார்த்து வைத்தியம் பண்ண முடியுமா சார்?" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. திருமலை நாயக்கரின் வயிற்று வலியைத் தீர்த்தவர் என்று தல வரலாறு சொல்கிற வைத்தியநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருப்பவர் அல்லவா!

நாக்கில் பல், செல்லில் எழுத்து

சரி, உள்ளே எதைப் பார்க்கிறார்கள்? முதலில் நாக்கு. நத்தைக்கு நாக்கு ஒரு ரிப்பன் மாதிரி. அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள், தேங்காய்த் துருவி போல. பற்களின் எண்ணிக்கையும் வடிவமும் வரிசையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் செவுள், இதயம், நரம்பு, குடல். கடைசியாக டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஜீனில் சுமார் 650 எழுத்து நீளத்துக்குப் படித்து, மற்ற நத்தையோடு ஒப்பிடுவார்கள். எத்தனை எழுத்து மாறுகிறது என்பதை வைத்து சொந்தமா, அந்நியமா, எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும்.

டி.என்.ஏ. வந்த பிறகு பல பழைய ஃபைல்களை மறுபடி திறக்க வேண்டியதாகிவிட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கடலடி மலைத்தொடர்களில் ஒரே இனம் என்று நினைத்த ஒரு லெபிடோட்ரைலஸ், 2006ல் இரண்டாகப் பிரிந்தது. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். எழுத்தில் வேறு வேறு.

இன்னொரு உதாரணம் 'அல்வினிகோங்கா'. ஓடு முழுக்க முள் முள்ளாக முடி வளர்ந்த நத்தை. 1988ல் மரியானா கடல் பகுதியிலிருந்து ஒரே ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். மற்ற இடங்களில் கிடைத்ததெல்லாம் பார்க்க அதே மாதிரி. டி.என்.ஏ.வைப் படித்தால், அத்தனையும் வேறு வேறு இனம்! 2014ல் இந்தியப் பெருங்கடல் நத்தைக்கு 'மாரிஸ்இண்டிகா' என்று பெயர் கிடைத்தது. இந்தியக் கடலுடையது என்று அர்த்தம். 2015ல் இன்னும் சிலவற்றுக்கு. அதில் ஒன்றுக்கு, 'தி கிளாஷ்' என்ற ராக் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பெயர். முள்முடி வைத்துக்கொண்டு திரிகிற பங்க் ரசிகர்கள் ஞாபகம் வந்ததாம் விஞ்ஞானிகளுக்கு.

பார்க்க ஒன்றாக இருந்து வேறாக இருப்பது ஒரு ரகம். பார்க்க வேறாக இருந்து ஒன்றாக இருப்பது இன்னொரு ரகம். அந்த ரகத்துக்குத்தான் நம் ஹீரோ.

இரும்புக்கால் ஆசாமி

2000ம் வருஷம் ஜப்பானியர்கள் மொரிஷியஸுக்குத் தென்கிழக்கே 'கைரே' என்ற சுடுநீர் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தியப் பெருங்கடலில் கண்ணால் பார்த்த முதல் கரும்புகை ஊற்று. மறு வருஷம், 2001ல், சிண்டி வான் டோவர் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று அங்கே போயிற்று. அவர்கள் மேலே கொண்டுவந்த நத்தையைப் பார்த்து யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஓடு அதிகபட்சம் நாலரை சென்டிமீட்டர். எலுமிச்சம்பழ சைஸ். ஆனால் பாதத்தின் பக்கவாட்டில், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நூற்றுக்கணக்கான செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தச் செதில்களின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு! ஓட்டின் வெளிப்புறத்திலும் அதேதான். காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். உடம்பில் இரும்பு சல்ஃபைடைக் கவசமாகக் கட்டிக்கொண்ட வேறு விலங்கு உலகத்தில் தெரிந்தவரை கிடையாது.

உள்ளே அதைவிட ஆச்சரியம். உடம்பில் நூற்றுக்கு நாலு பங்கு இதயம். மனிதனுக்கு அது 1.3 பங்குதான். (இவ்வளவு பெரிய மனசுக்காரரை ஆபீஸில் மேனேஜராகப் போட்டால் லீவு லெட்டர் உடனே சாங்ஷன் ஆகும்!) எதற்கு இவ்வளவு பெரிய இதயம்? உணவுக் குழாய்ச் சுரப்பியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கிறது. சமையல் முழுக்க அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் ரசாயனத்தையும் ரத்தத்தின் வழியாக சப்ளை பண்ணுவது நத்தையின் பொறுப்பு. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் சப்ளை தடைபடாமல் இருக்க பெரிய பம்ப்செட் தேவைதானே!

2003ல் ஆண்டர்ஸ் வாரன் குழு 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2010ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்த ஓட்டின் மூன்றடுக்கு அமைப்பை ஆராய்ந்தார்கள். வெளியே இரும்பு, நடுவே மெத்தென்ற படலம், உள்ளே சுண்ணாம்பு. மனிதனுக்குக் கவசம் செய்ய இதில் பாடம் இருக்கிறது என்றார்கள்.

இதற்கு நடுவில் ஒரு குழப்பம். 2009ல் ஜப்பானியர்கள் 'ஸாலிடேர்' என்ற இன்னொரு ஊற்றில் இதே நத்தையைப் பார்த்தார்கள். ஆனால் வெள்ளை! செதிலில் இரும்பு இல்லை. இது வேறு இனமா?

வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் நாய் ஆகிவிடுமா, சொல்லுங்கள். டி.என்.ஏ. என்ன சொன்னது? கறுப்பும் வெள்ளையும் ஒரே இனம். ஸாலிடேர் ஊற்றுத் தண்ணீரில் இரும்பு குறைவு. கிடைத்தால் பூசிக்கொள்கிறது. கிடைக்காவிட்டால் வெள்ளையாகவே குடித்தனம் நடத்துகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பெயர் இல்லாத மனு

இவ்வளவு புகழ் வந்தும் பதினாலு வருஷம் அதற்கு முறையான பெயர் இல்லை. 'செதில்கால்' என்று பட்டப் பெயர் வைத்தே எல்லோரும் கூப்பிட்டார்கள். 'அதனால் என்ன?' என்று கேட்பவர்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காமல் கடைக்குப் போய் வரிசையில் நின்று பாருங்கள்.

விஞ்ஞானத்தில் பெயர் வைப்பதற்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. அது சுருக்கமாக இப்படி:

* மூல மாதிரி ஒன்று பத்திரமாக ஒரு மியூசியத்தில் இருக்க வேண்டும். நாளைக்குச் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிட்டத்தட்ட பத்திரத்தின் ஒரிஜினல் மாதிரி.

* மற்ற உறவினர்களிடமிருந்து எந்தெந்த விதத்தில் இது வேறுபடுகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

* பெயர் இரண்டு சொல்லாக, லத்தீன் பாணியில் இருக்க வேண்டும். முதல் சொல் பேரினம், அடுத்தது இனம். விலங்குகளுக்கு இந்த வழக்கத்தின் கணக்கு, ஸ்வீடனின் லின்னேயஸ் 1758ல் வெளியிட்ட நூலிலிருந்து ஆரம்பம்.

* முறைப்படி வெளியிட வேண்டும். இரண்டு பேர் ஒரே நத்தைக்குப் பெயர் வைத்திருந்தால், முந்தினவர் வைத்ததே செல்லும்.

* தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லை. நண்பர் பெயர் வைக்கலாம். அவர் பதிலுக்கு உங்கள் பெயரை வைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்!

2011ல் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் 'லாங்ச்சி' என்ற ஊற்றுக்குப் போயிற்று. அங்கே இந்த நத்தை கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த சோங் சென் என்ற இளைஞரும் அவர் குழுவும் உட்கார்ந்து அறுத்து, படம் வரைந்து, எழுத்து எழுத்தாகப் படித்து, 2015ல் அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டினார்கள்: 'கிரைசோமலோன் ஸ்குவாமிஃபெரம்'. பொன்னிற முடிக்காரன், செதில் தாங்கி என்று அர்த்தம். ஜாதகம் எழுதியாகிவிட்டது!

அடுத்த நாலாவது வருஷமே அதற்குப் பலன் கிடைத்தது. 2019ல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் ஆபத்து என்று காரணம் காட்டிப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் இதுதான். அன்றைய கணக்குப்படி அது இருந்தது மூன்றே ஊற்றுகளில். மூன்றையும் சேர்த்தால் சுமார் ஐந்து ஏக்கர். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு நடுத்தர சம்சாரியின் வயல் அளவு! அந்த மூன்றில் இரண்டு, சுரங்க ஆய்வுக்காக நாடுகள் ஒப்பந்தம் போட்ட பகுதியில் இருந்தன.

(அதே 2019ல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் பதிவானால்தான் பாதுகாப்பு என்பது பால்கோவாவுக்கும் பொருந்தும், நத்தைக்கும் பொருந்தும்.)

2021ல் சுடுநீர் ஊற்றுகளில் மட்டுமே வாழும் 184 நத்தை, சிப்பி இனங்களை ஒன்றொன்றாக எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 62 சதவீதம் ஆபத்துப் பட்டியலில். இந்தியப் பெருங்கடலில் பார்த்த இனங்களில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே ஆபத்தில். கவனியுங்கள்: பெயர் வைத்த இனங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. பெயர் வைக்காத நத்தையின் மனு, எந்த மேஜைக்கும் போகாது.

நமக்கு என்ன வந்தது?

அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி சார். எங்கேயோ கடலுக்கு அடியில நத்தை இருந்தா என்ன, போனா என்ன? நமக்கு ஒரு டீ கூடப் போகுமா?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. அந்தக் கடலடியைத் தேடுகிறவர்கள் வேறு யாரோ இல்லை. நாமும்தான்.

ஊற்றுப் புகைபோக்கியில் படிகிற கறுப்பில் செம்பு இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, கொஞ்சம் தங்கமும் வெள்ளியும் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலும், நாளைக்கு நீங்கள் வாங்கப்போகும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் செம்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. நாடுகள் கடலடியைப் பார்ப்பது அதனால்தான். பொதுக் கடலின் அடித்தரை யாருக்கும் சொந்தமில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தியா 2016 செப்டம்பரில் அந்த அனுமதியை வாங்கியது. மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டர், 15 வருஷத்துக்கு. விருதுநகர் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2025 செப்டம்பரில் அரபிக் கடல் பக்கம் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடருக்கு இன்னொரு ஒப்பந்தம். இந்த வேலையில் முக்கியப் பங்கு, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு. அவர்களும் கோவாவில் உள்ள துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தினரும் சேர்ந்து, ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பி, 4,500 மீட்டர் ஆழத்தில் உயிர்ப்போடு இருக்கும் ஒரு சுடுநீர் ஊற்றைப் படம் பிடித்தார்கள். அது 2024 டிசம்பரில் வெளியான செய்தி. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கு 'மத்ஸ்யா 6000' தயாராகி வருகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒப்பந்தங்கள் தேடிப் பார்ப்பதற்கு மட்டும். தோண்டி விற்பதற்கு இல்லை. தோண்டுவதற்கான விதிமுறைகளைப் பற்றி கிங்ஸ்டனில் பேச்சு வார்த்தை வருஷக் கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. தேடுகிற நாடு, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்றும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

அந்தக் கணக்கை யார் எடுப்பது? இரும்பைத் தேட இன்ஜினீயர் இருக்கிறார். நீர்மூழ்கி ஓட்ட ஆள் இருக்கிறார். சேற்றோடு மேலே வருகிற அரை சென்டிமீட்டர் குல்லாவைப் பார்த்து, 'இது அது இல்லை, வேறு' என்று சொல்ல, நாக்குப் பல்லை எண்ணத் தெரிந்த ஒருத்தர் வேண்டும். 1916ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது. கொச்சியில் கடல்வாழ் உயிர்வள மையம் இருக்கிறது. ஆனால் வகைப்பாட்டியல் படிக்கிறேன் என்று பையன் சொன்னால், வீட்டில் அப்பா, 'அதுல கேம்பஸ் இன்டர்வியூ உண்டாடா?' என்றுதான் கேட்கிறார்.

"நம்ம அணில் கதை ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

மேற்கே மலையைக் காட்டினேன். அங்கே இரண்டு பெரிய மர அணில்கள் உண்டு. ஒன்று செம்பழுப்பு நிற மலபார் அணில். மற்றொன்று சாம்பல் நிற அணில். 'எல்லாம் அணில்தான்' என்று ஒரே கணக்கில் எழுதியிருந்தால், சாம்பல் அணில் எத்தனை குறைவு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அது தனி இனம், அரிதான இனம் என்று தெரிந்ததால்தான் 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென்று ஒரு சரணாலயமே வந்தது. 2021ல் அந்தக் காடு, மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. ஒரு அணிலுக்கு வைத்த பெயர் ஒரு மலைக்கே வேலி போட்டது.

கடலுக்கு அடியில் வேலி போட முடியாது. பட்டியலில் ஒரு வரிதான் அங்கே வேலி. இந்த இடத்தில் தோண்டாதே, இங்கே இந்தப் பெயருள்ள ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்வதற்கு, முதலில் அந்தப் பெயர் வேண்டும்.

அந்த ஜப்பானியர்கள் 2009ல் கண்டுபிடித்த ஊற்றுகள் இரண்டு. ஒன்றுக்கு 'ஸாலிடேர்' என்று பெயர் வைத்தார்கள் என்றேன். மற்றதற்கு 'டோடோ'. டோடோ, மொரிஷியஸில் இருந்த பறவை. ஸாலிடேர், பக்கத்து ரோட்ரிக்ஸ் தீவில் இருந்த பறவை. கப்பலில் வந்தவர்கள் தின்றும் அழித்தும் இரண்டுமே பூண்டோடு போயாகிவிட்டது. இன்று பெயர் மட்டும் பாக்கி. பறவைக்குப் பெயர் இருந்தது, பட்டியல் இல்லை. நத்தைக்கு இப்போது இரண்டும் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இன்னும் பெயருக்காகக் காத்திருக்கிறார்கள்.

எழுந்து காசு கொடுத்தேன். கோயிலில் மறுபடி சங்கு. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்தார்.

"அந்த நத்தை பேரு என்னன்னு சொன்னீங்க?"

"கிரைசோமலோன் ஸ்குவாமிஃபெரம்."

"கிரைசோ... வாயில நுழைய மாட்டேங்குதே சார்." கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்ல. பேருன்னு ஒண்ணு இருக்குல்ல. இனிமே அதுக்கு அவ்வளவு சுலபமா யாரும் சங்கு ஊதிட முடியாது."